92 சதவீதம் பேர் ஒரே குழுவில் விழுந்தால் எங்கே பார்ப்பது?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து மூன்று பேர் சேர்ந்து ஆண்ட்ராய்டில் ஒரு கேரம் ஆட்டம் வெளியிட்டிருக்கிறீர்கள். நான்கு மாதத்தில் 22,000 இன்ஸ்டால். முகம் தெரியாதவரோடு ஆடலாம், ரூம் கோடு கொடுத்து நண்பரோடு ஆடலாம், இல்லையென்றால் கணினியோடு ஆடலாம். நடத்தையை வைத்து ஆட்டக்காரர்களைப் பிரிக்கலாம் என்று பைத்தானில் கே-மீன்ஸ் (ஒத்த ஆட்களை ஒரு மையத்தைச் சுற்றிக் குழுவாக்கும் முறை) ஓட்டியதில், நான்கு குழுக்களில் ஒன்றே 92 சதவீதம் பேரை விழுங்கிவிட்டது. திரும்ப ஓட்டினால் ஆட்கள் இடம் மாறுகிறார்கள். "இதைவிட நல்ல அல்காரிதம் எது?" என்பது உங்கள் கேள்வி. ஒவ்வொரு குழுவுக்கும் தனி நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா, 16 ஜிபி லேப்டாப் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அல்காரிதத்தை மாற்றிப் பயனில்லை. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்த ஆட்டக்காரரை எந்த விஷயத்தில் வேறு மாதிரி நடத்தப் போகிறீர்கள்? அதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். தோற்றதும் ஓடிவிடுகிறவருக்கு இளைத்த எதிராளியைக் கொடுப்பதா, நண்பரோடு மட்டும் ஆடுகிறவருக்கு ரூம் பொத்தானை முன்பக்கத்துக்குக் கொண்டுவருவதா, விளம்பரம் பார்த்துக் காசு சேர்க்கிறவருக்கு விளம்பரத்தைக் கூட்டுவதா குறைப்பதா? இப்படி மூன்று முடிவு இருந்தால், அவற்றுக்குத் தேவையான அளவுகள் எவை என்பது தானே தெரிந்துவிடும். முடிவே இல்லாமல் கையில் கிடைத்த பத்திகளையெல்லாம் (அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பத்தி) கொட்டி "நீயே பிரி" என்றால் கணினி ஏதோ ஒன்றைப் பிரித்துத் தரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஓட்டும்போதெல்லாம் மாறுவதற்கான காரணம் சின்னது, முதலில் அதை முடித்துவிடலாம். கே-மீன்ஸ் தற்செயலாகச் சில மையங்களை வைத்துத் தொடங்கி, அவற்றை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். தொடங்கிய இடம் மாறினால் நிற்கும் இடமும் மாறலாம். கே-மீன்ஸ் கிடைக்கும் பைத்தான் நூலகமான சைகிட்-லேர்னில் முன்பெல்லாம் பத்துத் தடவை வெவ்வேறு இடத்தில் தொடங்கி, அதில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும். 1.4 பதிப்பிலிருந்து அந்த இயல்பு அமைப்பு மாறிவிட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு தடவைதான் தொடங்கும். எத்தனை தடவை தொடங்குவது என்று சொல்லும் என்-இனிட் என்ற அமைப்பை 20 அல்லது 50 என்று நீங்களே கொடுங்கள், தற்செயல் தேர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர ரேண்டம் ஸ்டேட்டுக்கும் ஒரு எண்ணை நிலையாக வையுங்கள். இன்னொன்று: குழு எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இன்று 0 என்று வந்த குழு நாளை 2 என்று வரலாம், உள்ளே இருப்பவர்கள் அதே ஆட்களாக இருக்கலாம். உண்மையில் ஆள் மாறியிருக்கிறார்களா, எண் மட்டும் மாறியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?

92 சதவீதத்துக்கு வருவோம். நீங்கள் கொடுத்த பத்திகளில் செலவழித்த ரூபாயும் இருக்கிறது, வெற்றி விகிதமும் இருக்கிறது. கே-மீன்ஸ் பார்ப்பது வித்தியாசத்தின் வர்க்கத்தை. இரண்டு பேருக்கு நடுவே ரூபாயில் 400 வித்தியாசம் என்றால் அதன் வர்க்கம் 1,60,000. அதே இருவருக்கும் வெற்றி விகிதத்தில் 0.5 வித்தியாசம், அதாவது ஒருவர் எப்போதும் தோற்கிறார், மற்றவர் பாதிக்குப் பாதி ஜெயிக்கிறார். அதன் வர்க்கம் 0.25. கணினியின் கண்ணுக்கு ரூபாய் மட்டும்தான் தெரியும். இலவச ஆட்டங்களில் பணம் கொடுப்பவர்கள் நூற்றுக்குச் சிலபேர்தான். அவர்கள் மூன்று சின்னக் குழுக்களாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள், மிச்சப் பேரெல்லாம் "பணம் கொடுக்காதவர்" என்ற ஒரே மூட்டை. எல்லாப் பத்தியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தாலே, அதாவது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் பத்தியின் சராசரியைக் கழித்து, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்தாலே, இதில் பாதி சரியாகும். மற்றப் பாதிக்கு லாகரிதம் வேண்டும். ஆட்ட எண்ணிக்கை, நிமிடம், ரூபாய் எல்லாமே சிலரிடம் மட்டும் எக்கச்சக்கமாக இருக்கும். ஒன்றைக் கூட்டி இயல் லாகரிதம் எடுத்தால் 9 என்பது 2.3, 99 என்பது 4.6, 999 என்பது 6.9 ஆகிவிடும். இரண்டாயிரம் ஆட்டம் ஆடிய ஒரு வெறியர் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகமாட்டார். லாகரிதம் முதலில், அளவுகோல் பிறகு. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

ஆனால் பூஜ்யம் குவிந்து கிடக்கும் பத்தியை லாகரிதமும் காப்பாற்றாது. 22,000 பேரில் ஒரு பெரும் பகுதி முதல் நாள் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தூக்கிப்போட்டவர்களாக இருப்பார்கள். அவர்களையும் தினமும் ஆடுகிறவர்களையும் ஒரே குவியலில் போட்டால், கணினி கண்டுபிடிக்கும் ஒரே வேறுபாடு "ஆடினான், ஆடவில்லை" என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். பண்ருட்டியில் முந்திரி தரம் பிரிக்கிறவர் முதலில் உடைசலை ஒதுக்கிவிட்டுத்தான் முழுப்பருப்பைப் பருமன் பார்த்துப் பிரிப்பார், இங்கேயும் அப்படித்தான். மூன்று ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர் தனி, ஒரு தடவையாவது பணம் கட்டியவர் தனி, நீங்களும் உங்கள் நண்பர்களும் சோதனைக்குப் பயன்படுத்திய போன்கள் தனி, ஒரே சீரான இடைவெளியில் 24 மணி நேரமும் ஆடும் சந்தேகத்துக்குரிய கணக்குகள் தனி என்று விதி போட்டே எடுத்துவிடுங்கள். மிஞ்சும் நடுத்தரக் கூட்டத்தை மட்டும் கே-மீன்ஸிடம் கொடுங்கள். பணம் கட்டியவர்கள் சில நூறு பேர்தான் என்றால், அவர்களுக்கு அல்காரிதமே வேண்டாம். கடைசியாக வந்த நாள், எத்தனை தடவை வாங்கினார், மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் வைத்து, சில்லறை வியாபாரத்தில் வாடிக்கையாளரைப் பிரிப்பது போலப் பிரித்தால் போதும்.

அடுத்து, எத்தனை நாள் டேட்டாவைப் பார்ப்பது. நான்கு மாதத்தின் மொத்த ஆட்ட எண்ணிக்கையைப் பத்தியாக வைத்திருக்கிறீர்கள். அது யார் முதலில் இன்ஸ்டால் செய்தார் என்பதைத்தான் அளக்கிறது. நான்காவது மாதம் வந்தவர் எவ்வளவு ஆர்வமாக ஆடினாலும் முதல் மாதம் வந்தவரை எண்ணிக்கையில் எட்டமாட்டார். ஒவ்வொருவருக்கும் இன்ஸ்டால் செய்த நாளிலிருந்து முதல் 7 நாளை மட்டும் எடுத்துக் குழு பிரியுங்கள். ஏழு என்பதற்குக் காரணம் உண்டு: யார் எந்தக் கிழமையில் வந்தாலும் ஒரு ஞாயிறு உள்ளே வந்துவிடும். அதற்கடுத்த 14 நாளில் அவர் திரும்பி வந்தாரா என்பதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குழு பிரிக்கும்போது தொடக்கூடாது, பிரித்தது உருப்படியா என்று சோதிக்க மட்டுமே அது. அப்படியானால் டேட்டாவின் கடைசி 21 நாளுக்குள் வந்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். மனசு கேட்காது, ஆனாலும் விட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆப்பின் பதிவுகளைத் திரட்டும் ஃபயர்பேஸிலிருந்து, அவற்றை அட்டவணையாக வைக்கும் கூகுளின் பிக்குவெரிக்கு வரும் இவென்ட் (ஆப்பில் நடந்த ஒவ்வொரு செயலின் பதிவு) நேரம் உலகப் பொது நேரத்தில், மைக்ரோ வினாடியில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. ஐந்தாம் தேதி அதிகாலை 2 மணிக்கு ஆடியவர் அங்கே நான்காம் தேதி 20:30 என்று தெரிவார். திருத்தாமல் "இரவு ஆட்டக்காரர்" என்று ஒரு குழு கட்டினால், அதில் காலை டீ நேரத்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். போனில் தேங்கி, தாமதமாக வரும் இவென்ட்களும் உண்டு. அந்தந்த நாள் அட்டவணையில் மூன்று நாள் வரை சேர்த்துக்கொள்வார்கள். கடலூர் துறைமுகத்திலிருந்தோ தேங்காய்த்திட்டிலிருந்தோ விசைப்படகில் போகிறவர் கடலில் டவர் இல்லாத இடத்தில் கணினியோடு ஆடிக்கொண்டிருந்தால், கரைக்கு வந்த பிறகுதான் அதெல்லாம் மேலே ஏறும். ஆகவே கடைசி மூன்று நாள் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

யார் "ஒரு ஆட்டக்காரர்" என்பதும் நீங்கள் நினைப்பதுபோல் தெளிவாக இல்லை. ஃபயர்பேஸ் தானாகத் தரும் அடையாளம் அந்த இன்ஸ்டாலுக்கு உரியது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் புதிய ஆள். இடம் பற்றாத போன்களில் ஆட்டங்களை அழித்து ஏற்றுவது அன்றாடம் நடப்பது. அதனால் உங்கள் 22,000 இன்ஸ்டால் 22,000 பேர் அல்ல. லாகின் செய்தவர்களுக்கு மட்டுமாவது உங்கள் சொந்த அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். எதிர்ப்பக்கச் சிக்கல், ஒரே போனில் வீடே ஆடுவது. சாயங்காலம் பிள்ளை, பத்து மணிக்கு மேல் அப்பா. முறை வந்ததிலிருந்து ஸ்ட்ரைக்கரைத் தட்டும் வரை ஆகும் வினாடிகளை ஒரே கணக்குக்கு வரைபடமாகப் போட்டால், சிலருக்கு 3 வினாடியில் ஒரு மேடும் 8 வினாடியில் இன்னொரு மேடும் என்று இரட்டை மேடு தெரியும். அது இரண்டு ஆளாக இருக்கலாம், ஒரே ஆள் எளிய காய்க்கு வேகமாகவும் சிவப்புக்கு நிதானமாகவும் அடிப்பதாகவும் இருக்கலாம். நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஊகம் கொஞ்சம் வலுப்படும். நிச்சயம் ஆகாது.

இனி பத்திகள். எட்டுக்கு மேல் வேண்டாம். ஏழு நாளில் எத்தனை நாள் ஆடினார், ஆடிய நாளில் சராசரியாக எத்தனை ஆட்டம், செஷன் (ஆப்பைத் திறந்ததிலிருந்து மூடும் வரை) நீளத்தின் இடைநிலை மதிப்பு (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது), நண்பரோடு ஆடிய பங்கு, கணினியோடு ஆடிய பங்கு, வெற்றி விகிதம், பத்து ஆட்டத்துக்கு எத்தனை விளம்பரம் விரும்பிப் பார்த்தார், தோற்கும் நிலையில் பாதியில் விட்ட பங்கு. செஷன் நீளத்துக்குச் சராசரியை எடுக்காதீர்கள். ஒருவர் ஆட்டத்தைத் திறந்துவைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனால் சராசரி கெட்டுவிடும், இடைநிலை கெடாது. முகம் தெரியாதவரோடு ஆடிய பங்கை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மூன்று பங்கும் சேர்ந்து ஒன்று என்பதால் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரிந்துவிடும், மூன்றையும் கொடுத்தால் ஒரே விஷயத்துக்கு இரட்டை எடை. நீங்கள் கொடுத்த மொத்த ஆட்டம், மொத்த நிமிடம், மொத்த செஷன் என்ற மூன்றும் அப்படித்தான், ஒன்றையே மூன்று பெயரில் சொல்வது. இரண்டு பத்திகளுக்கு இடையே ஒட்டுறவு (ஒன்று கூடினால் மற்றதும் கூடும் அளவு, முழுமையாக இருந்தால் 1) 0.8க்கு மேல் போனால் ஒன்றைத் தூக்கிவிடுங்கள்.

வெற்றி விகிதத்தை அப்படியே எடுத்தால் ஒரே ஆட்டம் ஆடி ஜெயித்தவர் 100 சதவீதம் என்று முதலிடத்தில் நிற்பார். வெற்றியோடு 2, ஆட்டத்தோடு 4 கூட்டி வகுங்கள். ஒன்றுக்கு ஒன்று ஜெயித்தவர் ஐந்தில் மூன்று, அதாவது 0.60 ஆகிவிடுவார். 80க்கு 45 ஜெயித்தவர் 84இல் 47, அதாவது 0.56, அவர் எண் அநேகமாக அசையாது. குறைந்த சாட்சியம் உள்ளவரை நடுவுக்கு இழுக்கிறோம், அவ்வளவுதான்.

பாதியில் விடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆன்லைன் ஆட்டங்களில் அதிகம் பிழைபடும் பத்தி இதுதான். உங்கள் பதிவில் "ஆட்டம் முடிந்தது" என்று ஓர் இவென்ட் இருக்கிறது, "முடியவில்லை" என்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே முடியாததையெல்லாம் ஓடிப்போனதாக எண்ணியிருக்கிறீர்கள். ஒரு பதிவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரவு 9:42க்கு ஆட்டம் தொடங்குகிறது. 40ஆவது வினாடியில் எதிராளி சிவப்பைப் போட்டு அதற்குத் துணைக் காயையும் போட்டுவிடுகிறார். 44ஆவது வினாடியில் ஆப் பின்னணிக்குப் போகிறது. 9:44க்கு அதே ஆள் புதிய ஆட்டம் தொடங்குகிறார். இவர் ஓடியவர். இன்னொருவர்: 9:42க்குத் தொடக்கம், மூன்று காய் முன்னிலையில் இருக்கிறார், 50ஆவது வினாடியில் சர்வருக்கு அவர் போனிலிருந்து "இருக்கிறேன்" என்று விடாமல் வரும் துடிப்பு நின்றுவிடுகிறது, 9:43க்கு அதே ஆட்டத்துக்குள் திரும்ப நுழைய முயல்கிறார், கதவு மூடியிருக்கிறது. இவருக்கு நெட் போயிருக்கிறது. உங்கள் கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

இதைப் பிரிக்க வேண்டுமானால் போனை நம்பாதீர்கள், சர்வரில் எழுதிவையுங்கள். போனுக்கும் சர்வருக்கும் இடையே தொடர்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட் பயன்படுத்தினால், முறையாக மூடியதற்கும் தொடர்பு திடீரென்று அறுந்ததற்கும் குறியீடு வேறு. 1000 என்றால் முறையான மூடல், 1006 என்றால் விடைபெறாமல் அறுந்தது. அதோடு அறுந்த நொடியில் யார் முன்னிலை, எத்தனை காய் பாக்கி, திரும்ப அதே ஆட்டத்துக்குள் வர முயன்றாரா என்ற மூன்றையும் சேருங்கள். குறியீடு மட்டும் போதாது. ஆப்பை மேலே தள்ளிக் கொன்றுவிட்டால் அதுவும் அறுந்ததாகவே தெரியக்கூடும். அதனால்தான் "தோற்கும் நிலையில் விட்டார், திரும்ப முயலவில்லை" என்ற கூட்டு நிபந்தனை. இதிலும் சிலர் தவறாகச் சேர்வார்கள், ஆனால் நெட் போனவர்களையெல்லாம் கோபக்காரர்கள் என்று முத்திரை குத்துவதைவிட எவ்வளவோ மேல். பழைய நான்கு மாத டேட்டாவில் இந்தத் தகவல் இல்லையென்றால் இந்தப் பத்தியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அரைகுறை அளவு ஒன்று குழுக்கள் எல்லாவற்றையும் கோணலாக்கிவிடும்.

எத்தனை குழு என்பதற்குச் சரியான எண் ஒன்று டேட்டாவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாகப் பரவிக் கிடப்பார்கள், நடுவே வெற்றிடம் விட்டுத் தனித்தனித் தீவாக நிற்கமாட்டார்கள். குழு கூடக் கூடப் பிழை எவ்வளவு குறைகிறது, எங்கே வளைகிறது என்று பார்க்கும் முழங்கை வரைபடம் போட்டால் பல நேரம் முழங்கையே இருக்காது. குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்று சொல்ல, 1987இல் புள்ளியியலாளர் ரூசோ தந்த சில்ஹவுட் மதிப்பு -1க்கும் 1க்கும் இடையில் வரும், கூடினால் நல்லது. இந்த மாதிரி டேட்டாவில் 0.2, 0.3 என்று வந்தால் மனம் தளர வேண்டாம். நான் அதிகம் மதிப்பது நிலைத்தன்மையை. 80 சதவீதம் பேரைத் தற்செயலாக எடுத்து ஓட்டுங்கள், இதை 50 தடவை செய்யுங்கள், இரண்டிரண்டு ஓட்டங்களை எடுத்து, இரண்டிலும் இருக்கும் ஆட்கள் சேர்ந்தேதான் விழுகிறார்களா என்று திருத்திய ரேண்ட் குறியீட்டால் (இரண்டு பிரிவினை அப்படியே ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவே என்றால் 0) பாருங்கள். 0.8க்கு மேல் என்றால் நம்பிப் பயன்படுத்தலாம். 0.6க்குக் கீழே என்றால் குழு எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது ஏதாவது பத்தியை எடுத்துப் பாருங்கள். இந்த எல்லைகள் அனுபவத்தில் வைத்துக்கொண்டவை, சூத்திரம் அல்ல. 4, 5, 6 மூன்றும் நிலையாக இருந்தால், உங்கள் தாளில் எழுதிய முடிவுகளுக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒன்பது குழுவுக்கு ஒன்பது விதமாக வேலை செய்ய ஆள் ஏது?

மற்ற அல்காரிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1996இல் வந்த டிபிஸ்கேன் அடர்த்தியை வைத்துப் பிரிக்கும். விநோதமான கணக்குகளைப் பொறுக்கி எடுக்க நல்லது, முழுக் கூட்டத்தையும் பிரிக்க இங்கே சரிப்படாது. எல்லோரும் ஒரே அடர்த்தி மேகத்தில் இருப்பதால் ஒரே குழுதான் வரும். கட்லரும் பிரெய்மனும் 1994இல் தந்த ஆர்க்கிடைப் முறை நடுவை விட்டுவிட்டு ஓரங்களைத் தேடும். ஒருவரை "70 சதவீதம் நண்பர் கூட்டம், 30 சதவீதம் தனிப் பயிற்சி" என்று கலவையாகச் சொல்லும். விளக்க எளிது, கணக்குக் கொஞ்சம் கனம். முதலில் கே-மீன்ஸை ஒழுங்காகச் செய்துவிட்டுப் பிறகு அங்கே போகலாம்.

குழு வந்ததும் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் மையத்துக்கு அருகே 10 பேர், எல்லையில் 10 பேர் எடுத்து, அவர்களுடைய மூல இவென்ட்களை வரிவரியாகப் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தப்பு எல்லாம் இங்கேதான் பிடிபடும். பிறகு அந்த மையங்களையும், அளவுகோலுக்குப் பயன்படுத்திய சராசரி, விலக்க எண்களையும் கோப்பில் சேமித்துப் பூட்டிவிடுங்கள். புதிதாக வருகிறவர் ஏழு நாள் முடிந்ததும் எந்த மையத்துக்கு அருகே என்று மட்டும் பாருங்கள். வாரம் ஒருமுறை புதிதாகக் குழு பிரித்தால் போன வாரக் குழுவையும் இந்த வாரக் குழுவையும் ஒப்பிடவே முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆட்டத்தில் பெரிய மாற்றம் வந்த பிறகோ மறுபடி பிரித்தால் போதும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சோதித்துப் பார்க்கக்கூடியவை. இனிச் சொல்வதில் சந்தேகம் கலந்திருக்கிறது. பதிவு சொல்வது ஒருவர் என்ன செய்தார் என்பதை. ஏன் செய்தார் என்பதை அது சொல்லாது. சாதிப்பவர், துருவுபவர், பழகுபவர், வீழ்த்துபவர் என்ற நான்கு வகை இணையத்தில் எங்கும் கிடைக்கும். ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதியது. அவர் பார்த்தது எழுத்து வடிவில் பலர் சேர்ந்து உலவும் உலகங்களை, அதுவும் ஆடுபவர்கள் தங்களுக்குள் விவாதித்ததை வைத்து. ஒரு போர்டும் பத்தொன்பது காயும் உள்ள கேரத்தில் "துருவுபவர்" எதைத் துருவுவார்? 2009இல் டூம் ரெய்டர்: அண்டர்வேர்ல்ட் ஆட்டத்தின் 1,365 பேரின் பதிவுகளை வைத்து டிராக்கென், கனோசா, யன்னகாகிஸ் மூவரும் நான்கு வகை கண்டார்கள். அவர்கள் எடுத்தது எதனால் இறந்தார், எவ்வளவு நேரத்தில் முடித்தார், எத்தனை முறை உதவி கேட்டார் போன்ற அந்த ஆட்டத்துக்கே உரிய அளவுகளை. வேறோர் ஆட்டத்தின் வகைகளைக் கடன் வாங்காமல் அந்த வழியை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி. ஏன் என்று தெரிய வேண்டுமானால் குழுவுக்கு ஐந்து பேரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

காலமும் ஊரும் கலந்து குழப்பும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் பகலில் ஆடுகிறவர் அப்போது கூடலாம், ஜூன் பாதியில் "விட்டுப்போனவர்" திடீரென்று பெருகலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் இன்ஸ்டால் செய்தவரின் முதல் ஏழு நாளில் கரண்டும் டவரும் இல்லாத நாள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? அந்த வாரத்தைத் தூக்கிவிடுவதே நல்லது. நவம்பர் 1 விடுதலை நாள் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் இல்லை. அதை வைத்து இரண்டு ஊரையும் ஒப்பிடத் தோன்றும், ஆனால் மொபைல் நெட்டின் ஐபி முகவரி காட்டும் ஊரை நம்ப முடியாது. இங்கே உட்கார்ந்து ஆடுகிறவர் சென்னை என்று தெரிவது சகஜம். தொலைத்தொடர்பு வட்டத்தை வைத்துப் பார்க்கலாம் என்றாலும், புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்துக்குள்தான் வருகிறது. ஊர்வாரிப் பிரிவு உங்கள் டேட்டாவில் ஊகம் மட்டுமே.

நண்பரோடு ஆடும் குழு அதிக நாள் தங்குகிறது என்று தெரிந்ததும், எல்லோரையும் நண்பரோடு ஆடத் தூண்டினால் எல்லோரும் தங்குவார்கள் என்று தோன்றும். அது தெரியாது. ஆட்டம் பிடித்துப்போனவர்தான் நண்பரைக் கூப்பிட்டிருக்கலாம். பாதிப் பேருக்கு மாற்றத்தைக் காட்டி, பாதிப் பேருக்குக் காட்டாமல் பார்த்தால்தான் விடை. எத்தனை பேர் வேண்டும் என்பதற்குத் தோராயக் கணக்கு: திரும்பி வருவோர் 20 சதவீதத்திலிருந்து 23 ஆவதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 3,000 பேர். குழுவில் மொத்தமே 1,500 பேர் என்றால் சோதனையைத் தொடங்கவே வேண்டாம், வரும் எண் எதையும் சொல்லாது. ஆட்கள் சேரும்வரை காத்திருங்கள், அல்லது குழு பிரிக்காமல் எல்லோரிடமும் சோதியுங்கள்.

நோட்டிஃபிகேஷன் கேள்விக்கு முன் ஒரு கேள்வி: உங்கள் ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் பள்ளிப் பிள்ளைகள்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அதன் 9ஆம் பிரிவு தடுக்கிறது. அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். என் யோசனை, வயது கேட்கும் திரையை இப்போதே வைத்து, 18க்குக் கீழே என்பவரைக் குழு பிரிப்பதிலிருந்தே விலக்கிவிடுவது. மற்றவர்களுக்கும் "அதிகம் ஆடுகிறவர்" என்று வந்த குழுவை இரவு 11 மணிக்கு மேல் தட்டி எழுப்பாதீர்கள். அவர்கள் கூப்பிடாமலே வருகிறவர்கள். கூப்பிட்டால் எரிச்சலில் நோட்டிஃபிகேஷனை அணைப்பார்கள், அதன்பின் எதையும் சொல்லி அனுப்ப முடியாது. பணம் கட்டி ஆடும் மேசை சேர்க்கும் யோசனை யாராவது தந்தால், புதுச்சேரிக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது.

16 ஜிபி தாராளம். 22,000 வரியும் எட்டுப் பத்தியும் கே-மீன்ஸுக்குச் சில வினாடி வேலை. எல்லோருக்கும் எல்லோருக்கும் இடையே தொலைவு கேட்டு, அருகருகே இருப்பவர்களைப் படிப்படியாகச் சேர்க்கும் படிநிலை முறைக்குக் கூட 24 கோடி ஜோடி, சுமார் 2 ஜிபி. சில்ஹவுட்டுக்கு 5,000 பேர் மாதிரி எடுத்தால் போதும். நினைவகத்தைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது: பிக்குவெரியைக் கட்டணக் கணக்கு இணைக்காமல் சாண்ட்பாக்ஸ் என்ற இலவச வகையில் வைத்திருந்தால் அட்டவணைகள் 60 நாளில் தானாக அழிந்துவிடும். நான்கு மாத டேட்டா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் அட்டவணையின் தேதி என்ன என்று பார்த்து, இருப்பதை லேப்டாப்பில் இறக்கி வைத்துவிட்டு, மற்ற வேலையைத் தொடங்குங்கள்.